ஆளுநரின் தோளில் ஓர் ஈட்டி: 1790 மேன்லி நிகழ்வும் வூமெரா என்ற எறிகோலும்

திமிங்கிலம் ஒன்று செத்துக் கரை ஒதுங்கியதில் தொடங்கியது இது. 1790 செப்டம்பர் 7. சிட்னி துறைமுகத்தின் வடபக்கம் மேன்லி கோவ் என்ற சிறு வளைகுடா. சுற்றுவட்டாரத்துப் பூர்வகுடி மக்கள் இருநூறு பேர் போலக் கூடி, தீ மூட்டி, திமிங்கிலக் கறியைச் சுட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அன்றைய பொழுது சாய்வதற்குள் நியூ சவுத் வேல்ஸ் காலனியின் முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப், தோளைத் துளைத்து முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்த ஈட்டியோடு படகை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

இந்தக் காட்சியை அந்தக் காலத்திலேயே ஒருவர் ஓவியமாகத் தீட்டிவிட்டார். பெயர் தெரியாத அந்த ஓவியரின் படம் லண்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆளுநரைப் பற்றியும் ஈட்டியைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. எனக்கு அக்கறை அந்த ஈட்டியை அனுப்பிய மூன்றடிக் கோலின்மேல். எறிந்தவனின் மனதில் என்ன இருந்தது என்று 200 ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடக்கிறது. கருவி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு பார்த்தால் அந்த வாதத்தில் சில முடிச்சுகளாவது அவிழும்.

கோல்

வூமெரா என்ற சொல்லே சிட்னி வட்டாரத்துத் தாருக் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான். பூமராங்கோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. நம் ஊர் வளரியைப் போலப் பூமராங் கையை விட்டுப் போகிற ஆயுதம். வூமெரா கையிலேயே தங்கிவிடும். அது அனுப்புவது ஈட்டியை.

கோலின் ஒரு முனையில் துறட்டியில் இருப்பதுபோல ஒரு சிறு கொக்கி. ஈட்டியின் வால் நுனியில் அந்தக் கொக்கி உட்காரும் அளவுக்கு ஒரு குழி. ஈட்டியைக் கோலின்மேல் படுக்கவைத்து, குழியைக் கொக்கியில் மாட்டி, கோலின் மறுமுனையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, விரல்களால் தண்டைத் தாங்கிக்கொள்வார்கள். கை பின்னால் போகும். முன்னால் வீசும்போது முதலில் தோள் திரும்பும், அப்புறம் முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. மணிக்கட்டு சொடுக்கும் கணத்தில் கோல் நிமிர்ந்து ஈட்டியின் வாலை உந்திவிடும்.

கவணில் கல் சுழற்றியவர்களுக்கு இந்தச் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை. கை நீளமானால் நுனியின் வேகம் கூடும். கைக்கு அப்பால் இன்னொரு மூட்டும் இன்னொரு எலும்பும் முளைத்ததுபோல வூமெரா செய்துவிடுகிறது. கூடவே இன்னொன்று: வெறுங்கையால் எறியும்போது ஈட்டியை நடுவில் பிடிக்க வேண்டும், வூமெராவோ வாலிலிருந்து தள்ளும். பத்தடி நீளத்துக்கு மெலிந்த தண்டு அந்த உந்துதலில் லேசாக வளைந்து, வளைந்தபடியே கிளம்பி, பறக்கும்போது நிமிரும். இதற்குத் தோதாகத்தான் சிட்னி ஈட்டிகள் இருந்தன. புல்மரம் என்று சொல்லப்படும் செடியின் பூந்தண்டு காய்ந்தால் மிக லேசாக இருக்கும். அதைத் துண்டு துண்டாக அதே செடியின் மஞ்சள் பிசினால் இணைத்து, தலைப்பக்கம் மட்டும் கனமான மரத்தை வைத்தார்கள். முன்பக்கம் கனம், பின்பக்கம் லேசு. குறி தவறாமல் போவதற்கு அதுதான் அடிப்படை.

தலைமுறை தலைமுறையாகப் பழகிய கையில் இது என்ன செய்யும் என்பதற்கு ஜேம்ஸ் குக்கே சாட்சி. 1770-இல் கிழக்குக் கரையோரம் பயணம் போனபோது இந்த எறிகோலைப் பார்த்துவிட்டு, 40, 50 கெஜ தூரத்தில் இவர்கள் குறி வைத்தால் நம் மஸ்கட் துப்பாக்கியின் நிச்சயத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாக அடிக்கிறார்கள் என்று குறிப்பு எழுதினார். எதிராளியின் ஆயுதத்தைத் தன் ஆயுதத்துக்குச் சமமாக வைப்பது ஒரு கடற்படைக்காரருக்கு எளிதல்ல. மஸ்கட்டுக்கு ஒருமுறை சுட்டபின் மருந்து இட்டு நிரப்ப வேண்டும். அதற்குள் நாலைந்து ஈட்டி பறந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிட்னிக் கோலில் இன்னொரு விசேஷமும் இருந்தது. கொக்கிக்கு எதிர் முனையில் ஒரு சிப்பி ஓட்டைப் பிசினால் பதித்திருப்பார்கள். ஈட்டி முனை மழுங்கினால் அங்கேயே உட்கார்ந்து சீவிக்கொள்ளலாம். எறிகோலே பட்டறையும்.

ஒரே கோல், பல வேலை

இந்த இரண்டு வேலைக் குணம் பாலைவனத்துக்குப் போனால் இன்னும் பெருகுகிறது. இன்று அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் ஏலங்களிலும் அதிகம் தென்படும் பழைய எறிகோல், நடு ஆஸ்திரேலியாவிலும் மேற்குப் பாலையிலும் புழங்கிய அகன்ற இலை வடிவக் கோல். பிட்ஜன்ஜாஜாரா மக்கள் இதை மீரு என்பார்கள். முல்கா என்ற வேல வகை மரத்தில் செதுக்கியது. சுமார் இரண்டு, இரண்டரை அடி நீளம். உட்பக்கம் தோணிபோலக் குழிந்திருக்கும். கொக்கிக் குச்சியைக் கங்காருவின் தசைநாரால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பிடிப் பக்கம் ஸ்பினிஃபெக்ஸ் புல்லிலிருந்து எடுத்த கறுப்புப் பிசின் உருண்டை, அதில் பதித்த கூர்க்கல்.

அந்தக் கல்தான் அவர்களின் இழைப்புளி. மரம் செதுக்க, ஈட்டி சீவ, இறைச்சி வகிர எல்லாம் அதே. குழிவான பகுதி தட்டாகும்: காவிக்கல் குழைக்கலாம், காட்டுப் புகையிலையைச் சாம்பலோடு பிசையலாம். விளிம்பு தீக்கடையும் கருவி: பிளந்த காய்ந்த கட்டையின் வெடிப்பில் உலர்ந்த சாணத் தூளை வைத்து, குறுக்கே மீருவின் விளிம்பை ரம்பம்போல வேகமாக இழுத்தால் பொறி பிடிக்கும். பாட்டுக்குத் தாளம் தட்டவும் அதே கோல். எல்லாவற்றையும் தோளில் சுமந்துகொண்டு தண்ணீர் தேடி நடக்கிறவன் கையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் நாலு பேர் வேலை பார்த்தாக வேண்டும். சும்மா சுமக்கக் கட்டுப்படியாகாது.

ஆகவே பழைய மீரு ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால் அலங்காரத்தை முதலில் பார்க்காதீர்கள். விளிம்பில் கருகிய தேய்மானம் இருக்கிறதா? பிடியில் உள்ளங்கை பட்ட மெருகு இருக்கிறதா? கல் மழுங்கி, திரும்பத் திரும்பக் கூராக்கப்பட்டிருக்கிறதா? தசைநார்க் கட்டு பிற்பாடு மாற்றப்பட்ட தடயம் உண்டா? இவையெல்லாம் இருந்தால் வேலை செய்த கோல். சூட்டுக் கம்பியால் படம் பொறித்து, கல்லே இல்லாமல், பளபளவென்றிருந்தால் பெரும்பாலும் வருகிறவர்களுக்கு விற்பதற்காகச் செய்தது. அதற்காக அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. ஆல்பர்ட் நமத்ஜிரா நீர்வண்ண ஓவியராகப் புகழ் பெறுவதற்கு முன் ஹெர்மன்ஸ்பர்க்கில் இப்படிச் சூட்டுக்கம்பி வேலைதான் செய்துவந்தார். அவர் கை பட்ட வூமெராவும் உண்டு.

ஆஸ்திரேலியா முழுவதும் ஒரே வடிவம் என்று நினைத்துவிடக் கூடாது. கிம்பர்லியில் நீண்ட பட்டைபோல இருக்கும். கேப் யார்க்கில் மெல்லிய பலகையை விளிம்புவாட்டில் பிடிப்பார்கள். பிடியில் பெரிய கடற்சிப்பித் துண்டுகள். டாஸ்மேனியாவில் ஐரோப்பியர் வந்தபோது எறிகோலே இல்லை, ஈட்டியை வெறுங்கையால்தான் எறிந்தார்கள். கடல் உயர்ந்து அந்தத் தீவு பெருநிலத்திலிருந்து பிரிந்து 10,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது என்பதால், கோல் அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டும் என்று வாதிடுகிறார்கள். மறுபக்கம், 1974-இல் முங்கோ ஏரியில் கிடைத்த, சுமார் 42,000 ஆண்டுப் பழைமையான மனிதரின் வலது முழங்கை மூட்டு தேய்ந்திருந்தது. எறிகோல் வீசி வீசி வந்த தேய்மானமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து. இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கின்றன. முழங்கை தேய்வதற்கு வேறு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்பதால் நான் டாஸ்மேனியா பக்கம்தான் சாய்வேன்.

அன்று நடந்தது

சரி, மேன்லிக்குத் திரும்புவோம். அந்தக் கரை அதற்கு முன்பே காயப்பட்ட இடம். 1788 கடைசி நாளில் அரபனூ என்பவரை ஆங்கிலேயர் இங்கேதான் கயிறு போட்டுப் பிடித்துப் போனார்கள். மொழி கற்கவும் தூதுக்கும் ஓர் ஆள் வேண்டுமாம். சில மாதங்களில் வந்த பெரியம்மையில் அவர் இறந்தார். சிட்னிப் பகுதி மக்களையும் அந்த நோய் வாரிக்கொண்டு போனது. 1789 நவம்பரில் அதே கரையில் மீன் காட்டி ஆசை காட்டி இன்னும் இருவரைப் பிடித்தார்கள்: பென்னலாங், கோல்பி. கோல்பி சீக்கிரமே தப்பினார். பென்னலாங் ஆளுநரோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, கோட்டு போட்டு, அவரை அப்பா என்று அழைத்து, தன் பெயர்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்து, 1790 மே மாதம் ஒருநாள் மறைந்துபோனார்.

இந்த உறவுமுறையைக் கவனியுங்கள். பிலிப்புக்கு முன்பல் ஒன்று இல்லை. அந்தப் பகுதியில் ஆண்களுக்குப் பருவச் சடங்கில் ஒரு முன்பல்லை எடுக்கும் வழக்கம் உண்டு. அதனால் பிலிப்பின் ஓட்டைப்பல் முதலிலிருந்தே அவர்கள் கண்ணில் பட்டிருந்தது. இப்போது பெயர் மாற்றமும் அப்பா முறையும் சேர்ந்துவிட்டது. உறவுக்குள் வந்துவிட்டவர் உறவின் சட்டத்துக்கும் உட்பட்டவர்.

செப்டம்பர் 7 அன்று அந்த வழியாக வந்த ஆங்கிலேயக் குழு ஒன்றிடம் பென்னலாங் ஆளுநரை விசாரித்தார். திமிங்கிலக் கறியில் ஒரு துண்டும் கொடுத்தனுப்பினார். துறைமுக வாயின் தென்முனையான சவுத் ஹெட்டில் இருந்த பிலிப் சேதி கேட்டதும் காலின்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற இரு அதிகாரிகளோடு படகில் வந்துவிட்டார். கரையில் நடந்தது வெகுநேரம் நல்ல சந்திப்புதான். பென்னலாங் ஒயின் குடித்தார், பழைய பழக்கத்தில் ராஜாவுக்கு வாழ்த்துச் சொன்னார், ஆளுநர் மாளிகையின் பிரெஞ்சு சமையல்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டு அவரைப்போலவே நடித்துக் காட்டினார். அவர் கையில் முள் வைத்த நீண்ட ஈட்டி ஒன்று இருந்தது. பிலிப் அதைக் கேட்டார். பென்னலாங் கொடுக்கவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சற்றுத் தள்ளி நின்ற புது ஆள் ஒருவருக்குப் பக்கத்தில் புல்லில் வைத்தார்.

அந்தப் புது ஆள் வில்லமெரிங். வடக்கே ப்ரோக்கன் பே பக்கத்தைச் சேர்ந்தவர், நோய் தீர்க்கும் வித்தை தெரிந்தவர். பென்னலாங் அவரை அறிமுகப்படுத்தவும், பிலிப் இரு கைகளையும் விரித்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தார். ஆயுதம் இல்லை என்று காட்ட இடுப்புக் கத்தியைக் கழற்றிக் கீழே போட்டார். வில்லமெரிங் புல்லில் கிடந்த ஈட்டியைக் கால்விரலால் தூக்கிக் கைக்குக் கொண்டுவந்து, எறிகோலில் பொருத்தினார். பிலிப் 'வேரீ, வேரீ' என்றார். கெட்டது, செய்யாதே என்ற பொருளில் அவர் கற்றிருந்த சொல். ஈட்டி கிளம்பிவிட்டது.

வலது காறை எலும்புக்கு மேலே நுழைந்து, பின்னால் தோள்பட்டைக்கருகே சில அங்குலம் கீழே வெளிவந்தது. பத்துப் பன்னிரண்டு அடித் தண்டு. பிலிப் அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட முயன்றார். முனை மண்ணில் தட்டித் தட்டி நின்றது. வாட்டர்ஹவுஸ் அதை உருவப் பார்த்தார். முள் இருப்பதால் உருவ முடியாது என்று தெரிந்ததும் தண்டை ஒடிக்கப் போராடினார். அதற்குள் இன்னொரு ஈட்டி அவர் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தோலை உரித்துக்கொண்டு போனது. ஒருவழியாகத் தண்டு ஒடிந்தது. பிலிப் துப்பாக்கியை எடுத்து ஒருமுறை சுட்டார். படகில் சிட்னிக்கு இரண்டு மணி நேரம். மருத்துவர் பால்மெய்ன் முனையை எடுத்தார். பத்து நாளில் பிலிப் எழுந்து நடமாடினார், சுமார் ஆறு வாரத்தில் காயம் முழுக்க ஆறியது. பழிவாங்கக் கூடாது என்பது அவர் உத்தரவு.

அச்சமா, தண்டனையா

அன்றிருந்த ஆங்கிலேயர்களின் கணக்கு எளியது: வில்லமெரிங் பயந்துவிட்டார். முன்பு ஆட்களைப் பிடித்துப் போன அதே கரை, கையை விரித்துக்கொண்டு வரும் அதே வெள்ளையர். பிற்பாடு வரலாற்றாசிரியர்கள், குறிப்பாக இங்கா கிளெண்டினன், இதை வேறு மாதிரி படித்தார்கள். ஆட்கடத்தல் உட்பட நடந்த அத்தனைக்கும் பொறுப்பானவர் என்ற முறையில் பிலிப்பை வரவழைத்து, ஒரே ஈட்டியால் கணக்கைத் தீர்த்த சடங்கு இது என்று. குற்றம் சாட்டப்பட்டவர் எல்லோர் முன்னும் நிற்க வேண்டும், ஈட்டிகளை எதிர்கொள்ள வேண்டும், இரத்தம் சிந்தியதும் பகை முடிந்தது என்பது அந்த மக்களின் வழக்கம். இப்படிப்பட்ட பல தண்டனைகளைக் காலின்ஸ் பின்னால் நேரிலேயே பார்த்து எழுதினார்.

கருவியை வைத்துப் பார்த்தால் எனக்குத் தண்டனை என்பதே பொருந்துகிறது, ஒரு குறையோடு. எறிகோலில் ஈட்டியைப் பொருத்துவது பயந்தவன் கைக்கு உடனே வரும் வேலை அல்ல. கண்முன் வருபவனைத் தடுக்க வெறும் ஈட்டி போதும், குத்தலாம். கொக்கியில் வாலை உட்காரவைத்து, அடியெடுத்து வைத்து வீசுவதற்குக் கணநேர நிதானமாவது வேண்டும். ஈட்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவர் பென்னலாங். அதைவிட, கூப்பிடு தூரத்தில் அத்தனை எறிகோல்கள் இருந்தும் அதன்பின் வந்த ஈட்டிகளால் ஒருவரும் சாகவில்லை. 50 கெஜத்தில் குறி தப்பாதவர்கள் என்று குக் சொன்ன சனங்கள், படகுவரை திறந்தவெளியில் ஓடிய மூன்று பேரை ஒட்டுமொத்தமாகத் தவறவிட்டார்கள் என்றால் நம்புவது கடினம். கொல்லும் எண்ணம் இல்லை.

குறை எங்கே என்றால், இடம். தண்டனை ஈட்டி வழக்கமாகத் தொடையைத் தேடும். காறை எலும்புக்குப் பின்னால் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. அது அறுந்திருந்தால் இரண்டு மணிநேரப் படகுப் பயணத்தைப் பிலிப் தாண்டியிருக்க மாட்டார். தான் சாகப்போவதாகவே அவரும் நினைத்து, விவகாரங்களை ஒழுங்கு செய்ய எத்தனை மணிநேரம் இருக்கிறது என்று கேட்டார். பயமும் தண்டனையும் அந்தக் கையில் ஒன்றாகக் கலந்திருந்திருக்கலாம். ஆணையை ஏற்று வந்த ஆளும் நடுங்கலாமே.

மூன்று மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிட்டால் மேன்லி ஈட்டி இன்னும் தெளிவாகிறது. டிசம்பரில், சிட்னிக்குத் தெற்கே பாட்டனி பே என்ற விரிகுடா அருகே கங்காரு வேட்டைக்குப் போன ஆளுநரின் வேட்டைக்காரர் மெக்கின்டயரை, பிட்ஜிகல் குலத்துப் பெமுல்வூய் ஈட்டியால் அடித்தார். மெக்கின்டயர் பூர்வகுடிகளிடம் கெட்ட பெயர் வாங்கியவர். பென்னலாங்குக்கே அவரைக் கண்டால் ஆகாது. அந்த ஈட்டி வேறு ரகம். முனையோரம் சிறு சிவப்புக் கற்கள் பிசினால் ஒட்டப்பட்டிருந்தன. உடம்புக்குள் போனதும் கற்கள் கழன்று உள்ளேயே தங்கிவிடும். உருவினாலும் சாவு, விட்டாலும் சாவு. பார்க்க வந்த கோல்பியும் மற்றவர்களும் அதை இழுத்தால் உடனே செத்துவிடுவார் என்று சைகை காட்டினார்கள். மெக்கின்டயர் 1791 ஜனவரி 20-இல் இறந்தார்; விலாவுக்குள் நுழைந்த ஈட்டி நுரையீரல்வரை போயிருந்தது.

ஒன்று மர முள், இன்னொன்று கல் முள். எந்த ஈட்டியை எடுக்கிறான் என்பதிலேயே எறிகிறவன் தீர்ப்பை எழுதிவிடுகிறான்; வூமெரா அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான். தனக்குப் பட்டபோது பேசாதிருந்த பிலிப் இதற்குப் பொங்கிவிட்டார். குடியேற்றம் தொடங்கியது முதல் பதினேழு பேர் கொல்லப்பட்டோ காயப்பட்டோ இருப்பதாகக் கணக்குச் சொல்லி, இரண்டு பேரைப் பிடித்து வரவும், பத்துப் பேர் தலையை வெட்டிக் கொண்டுவரவும் உத்தரவிட்டார். தலை எடுத்துவரப் பைகளும் கொடுத்தனுப்பினார்கள். படைத்தலைவர் வாட்கின் டென்ச் பேசிப்பார்த்து எண்ணிக்கையை ஆறாக்கினார். டாஸ் என்ற இளம் அதிகாரி முதலில் போகவே மறுத்தார். ஐம்பது பேர் போலக் கிளம்பிய படை வெயிலில் வாடி, ஒருவரையும் பிடிக்காமல் திரும்பியது. இரண்டாம் முறையும் அப்படியே.

அந்தக் கோலின் பெயர் பிற்காலத்தில் போன இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1947-இல் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து தெற்கு ஆஸ்திரேலியப் பாலையில் ராக்கெட் சோதனைத் தளம் அமைத்தபோது, ஊருக்கு வூமெரா என்று பெயர் வைத்தார்கள். தூரத்துக்கு எறிகிற கருவி என்ற பொருத்தம் பார்த்து. 1967-இல் ஆஸ்திரேலியாவின் முதல் செயற்கைக்கோள் அங்கிருந்துதான் போனது. ராக்கெட் விழும் பாதையில் இருந்ததோ, மீருவை இன்னும் கையில் வைத்திருந்த மக்கள். 1964-இல் பெர்சிவல் ஏரிப் பகுதியில், அதுவரை வெள்ளையரையே பார்த்திராத மார்டு இனப் பெண்களும் குழந்தைகளுமாக இருபது பேரை, ராக்கெட் விழப்போகிறது என்று தேடிப்பிடித்து அப்புறப்படுத்தினார்கள்.

குக் குழு 1770-இல் பாட்டனி பேயில் அள்ளிப்போன நாற்பது, ஐம்பது ஈட்டிகளில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் எஞ்சியிருந்தவை நான்கு. 2024 ஏப்ரலில் அவை அதே பாட்டனி பே கரையில் வாழும் லா பெரூஸ் பூர்வகுடிச் சமூகத்திடம் திரும்பின.

வில்லமெரிங் என்ன ஆனார் என்று கேட்கலாம். பென்னலாங்கின் மனைவி பரங்காரூ சாகக் கிடந்தபோது, வைத்தியம் பார்க்க வரச்சொல்லி அவருக்கு ஆள் போனது. அவர் வரவில்லை. 1791-இல் பரங்காரூ இறந்தார். பென்னலாங் அதற்காக வில்லமெரிங்கின்மேல் ஈட்டி எறிந்தார் என்று காலின்ஸ் எழுதிவைத்திருக்கிறார். பட்ட இடம் தொடை.